புகை தெரியும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு: அவுஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வுப் பணியில் கற்றவை

சிட்னிக்கு மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், யூக்கலிப்டஸ் காட்டின் விளிம்பில் போய் முடியும் ஒரு தெருவில் என் குடும்பம் வசிக்கிறது. 2019-20 கோடைத் தீக்குப் பின்னர் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் களப்பணியாளனாகச் சேர்ந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தீ கடந்து போன ஊர்களில் வீட்டுக்காரர்களைச் சந்தித்து அவர்களுடைய அனுபவங்களைப் பதிவுசெய்தேன். எரிந்த வீடுகளையும் எரியாமல் தப்பிய வீடுகளையும் அளந்து குறிப்பெடுக்கும் வேலையிலும் உதவினேன். காட்டுத்தீயைப் பற்றி இந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி மிக விரிவானது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆங்கில அறிக்கைகளின் உள்ளேயே கிடக்கிறது. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில அண்மைக் காலத்தில் காட்டோரத்தில் வீடு வாங்கியிருக்கின்றன. அவர்களை நினைத்தே, களத்தில் கேட்டதையும் எங்கள் வீட்டில் நடைமுறைப்படுத்தியதையும் இங்கே எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் அளவீடுகள் தொடங்கிய காலம் முதல் பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமானதும் மிக வறண்டதுமாகும். அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று வொலமை தேசியப் பூங்காவை ஒட்டிய கோஸ்பர்ஸ் மவுண்டன் பகுதியில் மின்னல் தாக்கிப் பற்றிய ஒரே தீ, 5 இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை எரித்து, பெப்ரவரி மாதப் பெருமழையில்தான் முற்றாக அணைந்தது. எங்கள் பகுதிக்கு வடக்கே அந்தத் தீயும் தெற்கே கிரீன் வாட்டில் கிரீக் தீயும் வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன. புளூ மவுண்டன்ஸ் உலகப் பாரம்பரியப் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எரிந்து போனது. நாடு முழுவதும் 33 பேர் தீயில் உயிரிழந்தனர். அவர்களில் 9 பேர் தீயணைப்பாளர்கள். 3,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

காட்டுத்தீயில் வீடு எரிவது என்றால், மர உயரத்துக்கு எழும் நெருப்புச் சுவர் வந்து வீட்டை விழுங்குவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். நான் சந்தித்த வீட்டுக்காரர்களில் பலரும் தீ வருவதற்கு முன்னர் அப்படித்தான் எண்ணியிருந்தனர். 1983ஆம் ஆண்டு தென்கிழக்கு அவுஸ்திரேலியாவைத் தாக்கிய சாம்பல் புதன் தீக்குப் பிறகு, சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. எனப்படும் அவுஸ்திரேலிய அரச அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எரிந்த வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை வேறானது. பெரும்பாலான வீடுகளை எரித்தவை காற்றில் பறந்து வந்த தணல்களே. தீயின் முகப்பு வருவதற்கு முன்னரும், அது கடந்து போய்ச் சில மணி நேரத்துக்குப் பின்னரும், தணல்கள் ஆலங்கட்டி மழை போல வீட்டின் மீது வந்து விழுகின்றன. நார்ப்பட்டை யூக்கலிப்டஸ் மரங்களின் பட்டைத்துண்டுகள் எரிந்தபடியே எழுந்து குறுகிய தூரத்தில் கூட்டமாக விழும். நாடாவாக உரியும் பட்டை கொண்ட மரங்களின் துண்டுகளோ 30 கிலோமீட்டர் வரையிலும் பறந்து சென்று புதிய தீயைத் தொடக்கியதாகப் பதிவுகள் உள்ளன.

இதை நான் ஏட்டில் படித்திருந்தேன். ஆயினும் தென்கரைப் பகுதியில் ஒரு வீட்டின் வாசலில் நின்றபோதுதான் அதன் பொருள் முழுமையாக விளங்கியது. வீடு நின்றுகொண்டிருந்தது. வாசற்கதவின் அடியில் கிடந்த தும்புக் கால்மிதி சாம்பலாகியிருந்தது. அதற்கு நேரே மேலே கதவின் கீழ்விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்து, மரம் விரலாழத்துக்குக் குடையப்பட்டிருந்தது. திரும்பி வந்த அயலவர் ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றியிருக்காவிட்டால் கதவு எரிந்திருக்கும், கதவு எரிந்திருந்தால் வீடு போயிருக்கும். அதே தெருவில், காட்டிலிருந்து இன்னும் தள்ளி இருந்த வீடு ஒன்று அடித்தளம் மட்டுமே மிஞ்சி எரிந்து கிடந்தது. அங்கே தீ நுழைந்த வழியாக எங்கள் குழுவினர் கருதியது மழைநீர் வடியும் கூரையோரப் பீலியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த காய்ந்த இலைகளை. பாதை நெடுகிலும் இருந்த புல்வெளியில் தீயின் தடமே இல்லை. தணல் மட்டும் வந்திருக்கிறது.

வெப்பக்கதிர்வீச்சு இரண்டாவது எதிரி. ஒரு வளவில், எரிந்துபோன வாகனத்தின் அலுமினியச் சக்கரங்கள் உருகிச் சரிவில் ஓடி, விரல் தடிப்பில் உறைந்திருந்தன. அலுமினியம் உருகுவதற்கு 660 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அங்கிருந்து சற்றுத் தொலைவில் நின்ற பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியோ வாகனத்தைப் பார்த்த பக்கம் மட்டும் வளைந்து நின்றது. கதிர்வீச்சு தூரத்தோடு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை. கட்டட விதிகளில் வரும் 12.5, 19, 29, 40 என்னும் தீத்தாக்க நிலைகள் இந்தக் கதிர்வீச்சையே, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் என்று குறிக்கின்றன. 12.5ஐத் தாண்டினால் சாதாரண ஜன்னல் கண்ணாடி உடையக்கூடும். 29ஐ எட்டினால் மரப்பலகை நெருப்புப் படாமலேயே பற்றக்கூடும். காட்டோரத்தில் வீடு வாங்குபவர்கள் விலையையும் பள்ளிக்கூடத்தையும் விசாரிக்கும்போதே அந்த நிலத்தின் தீத்தாக்க நிலையையும் கேட்டறிய வேண்டும். சரிவும் முக்கியமானது. நிலம் 10 பாகை ஏறுமுகமாகச் சரிந்தால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். புளூ மவுண்டன்ஸ் ஊர்கள் பெரும்பாலும் மலைமுகட்டில் நீளவாக்கில் அமைந்தவை, இருபுறமும் பள்ளத்தாக்குகள். பின்கட்டிலிருந்து தெரியும் அழகிய காட்சிக்காக அதிக விலை கொடுத்து வாங்கும் வீடே, கீழிருந்து ஏறிவரும் தீ முதலில் சந்திக்கும் வீடாகவும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை செலவு குறைந்தவை. தும்புக் கால்மிதிகளைக் கோடை தொடங்கும்போதே எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம். பீலிகளை ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்றிருந்த வழக்கத்தை, காற்று வீசிய ஒவ்வொரு வாரமும் பார்ப்பதாக மாற்றிக்கொண்டோம். கூரைக்குள்ளும் தரைக்கு அடியிலும் காற்றுப் போகும் துவாரங்களை, 2 மில்லிமீட்டருக்கு மேல் கண்ணில்லாத உலோக வலையால் மூடினோம்; நுளம்புக்காகப் போடும் பிளாஸ்டிக் வலை உருகிவிடும், அது உதவாது. மரத்தளத்தின் கீழ் அடுக்கியிருந்த விறகையும் பழைய பூச்சட்டிகளையும் அகற்றினோம். எரிவாயு உருளையைச் சங்கிலியால் கட்டி, அதன் வால்வு வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி திருப்பினோம். தோட்டக்குழாயின் பிளாஸ்டிக் இணைப்புகளைப் பித்தளையாக மாற்றினோம். தீ நாளில் ஊரே தண்ணீர் இறைப்பதால் குழாயில் அழுத்தம் குறைந்துவிடும். மின்சாரம் போனால் தண்ணீர்த் தாங்கியிலிருந்து இறைக்கும் மின்பம்பும் நின்றுவிடும். வீட்டில் தங்கித் தீயை எதிர்க்க நினைப்பவர்களுக்கு எரிபொருளில் இயங்கும் பம்பும், அதை இயக்கத் தெரிந்த உடல்வலு உள்ள இருவராவதும் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நிலை இல்லை. ஆகவே நாங்கள் கிளம்புவது என்று தீர்மானித்தோம்.

நேர்காணல்களில் என்னை ஆழமாகப் பாதித்தவை இந்தத் தீர்மானத்தைப் பற்றிய பகுதிகளே. எங்கள் கேள்விகள் எளிமையானவை: தீ வருகிறது என்று முதலில் எப்போது அறிந்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள், யாரோடு பேசினீர்கள், எப்போது கிளம்பினீர்கள். பதில்களில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. எச்சரிக்கை கிடைத்ததும் ஒருவரும் உடனே கிளம்பவில்லை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறார்கள், அயலவரைக் கேட்கிறார்கள், அவர் கிளம்பாததைக் கண்டு அமைதி அடைகிறார்கள், அயலவரோ இவர்கள் கிளம்பாததைக் கண்டு தாமும் இருந்துவிடுகிறார். இரண்டாவது சான்று தேடும் அந்த இயல்பு மனிதருக்கு உரியது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இரண்டாவது சான்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் தீச்சுவாலையாகவே வந்து சேர்கிறது. அப்போது பாதையில் புகை மூடியிருக்கும். எதிரே மரம் விழுந்திருக்கும்.

2009 பெப்ரவரி 7, கறுப்பு சனிக்கிழமை, இதை நாடே உணர்ந்த நாள். விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தனர். 2,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அதுவரை அவுஸ்திரேலியாவில் இருந்த கொள்கை, ‘ஆயத்தம் செய்து தங்கிக் காத்துக்கொள், அல்லது முன்னதாகவே கிளம்பு’ என்பது. அதற்கும் ஆராய்ச்சி அடிப்படை இருந்தது. சாம்பல் புதன் தீக்குப் பிந்தைய ஆய்வுகள், ஆள் இருந்து சிறுதீக்களை அணைத்த வீடுகள் தப்புவதற்கான வாய்ப்பு அதிகம் என்று காட்டின. 1900 முதல் 2008 வரை தீயில் இறந்த 552 பொதுமக்களைப் பற்றிய ஆய்வு, கடைசி நேரத்தில் கிளம்பியதே மரணங்களுக்கு முதன்மையான சூழலாக இருந்தது என்று கண்டறிந்தது. கறுப்பு சனிக்கிழமையிலோ, இறந்தவர்களில் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்தனர். அன்றைய தீவிரத்தில் பல வீடுகளைக் காப்பாற்றவே முடியாது என்பதையும், மக்களில் பலர் தங்குவதும் இல்லாமல் கிளம்புவதும் இல்லாமல் ‘பார்ப்போம்’ என்று காத்திருந்ததையும், பின்னர் நடந்த நேர்காணல் ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. அரச விசாரணை ஆணையம் அமர்ந்த பின்னர், தீ அபாய அளவுகோலின் உச்சியில் புதிய நிலை ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த நிலை அறிவிக்கப்படும் நாளில் உயிர் காக்க ஒரே வழி, முன்னதாகவே அகன்று விடுவது.

2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் நான்கு நிலைகள் நடைமுறையில் உள்ளன: மொடரேட் (மிதமானது), ஹை (அதிகம்), எக்ஸ்ட்ரீம் (மிகக் கடுமை), கட்டஸ்ட்ரோஃபிக் (பேரழிவு நிலை). இவை நாளின் வானிலையையும் எரியக்கூடிய தாவரங்களின் நிலையையும் குறிப்பவை. எங்காவது தீ பற்றிய பின்னர் வருபவை மூன்று எச்சரிக்கைகள்: அட்வைஸ் (தகவல்), வாட்ச் அண்ட் ஆக்ட் (கவனித்துச் செயற்படு), எமர்ஜென்சி வோர்னிங் (அவசர எச்சரிக்கை). இந்த இரண்டு வரிசைகளையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதை நேர்காணல்களில் கண்டேன். அபாய நிலை முதல்நாளே தெரிந்துவிடுகிறது. எச்சரிக்கை சில வேளைகளில் வரும் முன்பே தீ வந்துவிடுகிறது. ஆகவே கிளம்பும் முடிவை அபாய நிலையோடு கட்டிவைப்பதே பாதுகாப்பானது. எங்கள் வீட்டுத் தாளில் இருப்பது இரண்டே வரிகள். கட்டஸ்ட்ரோஃபிக் என்று அறிவித்தால் முதல்நாள் மாலையே கிளம்புவது; எக்ஸ்ட்ரீம் என்றால் காலை எட்டு மணிக்குள் கிளம்புவது. அன்று வானம் தெளிவாக இருந்தாலும் அப்படியே.

2019 நவம்பர் 12 அன்று, அந்த உச்ச நிலை அது நடைமுறைக்கு வந்த பின் முதன்முறையாக சிட்னிப் பெருநகரப் பகுதிக்கு அறிவிக்கப்பட்டது. முதல்நாள் மாலை நாங்கள் சிட்னிப் புறநகரான பெண்டில் ஹில்லில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். எங்கள் தெருவில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரங்களிலும் போய் வந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அயலவர் ஒருவர், வீணாக அலைகிறீர்களே என்று அன்போடு கேட்டார். என் தாயார் அதற்கு எனக்குத் தமிழில் சொன்ன பதில் எந்த ஆய்வறிக்கைக்கும் குறைந்ததன்று. 1995 அக்டோபர் இறுதியில், இலங்கைப் போரின்போது யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அந்தச் சனக்கூட்டத்தில் நடந்தவர் அவர். “எல்லாரும் ஒரே நேரத்திலை ரோட்டுக்கு வந்தால் ஒருத்தரும் நகரேலாது, தம்பி. போறதெண்டால் பாதை கிடக்கேக்கையே போகவேணும்” என்றார். புளூ மவுண்டன்ஸ் ஊர்களுக்கு உள்ள பிரதான வழி கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை ஒன்றே; அதை ஒட்டி ஒரு ரயில்பாதை. தீ நாளில் இரண்டும் மூடப்படலாம். ஒன்றும் நடக்காத நாளில் போய்த் திரும்பியதைத் திட்டம் சரியாக வேலை செய்ததாகவே எண்ணப் பழக வேண்டும்.

வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கும்போதுதான் தீ வரும் என்று எண்ணித் திட்டமிடுவதும் ஆபத்தானது. 2013 அக்டோபர் 17 அன்று எங்களுக்கு அருகிலுள்ள வின்மலி, யெல்லோ ரொக் பகுதிகளில் சுமார் 200 வீடுகள் எரிந்தன; மின்கம்பியில் மரம் சாய்ந்ததில் தொடங்கிய தீ அது. அன்று வியாழக்கிழமை, வேலை நாள். பெற்றோர் சிட்னியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், முதியவர்கள் வீட்டில். அந்த ஊர்க்காரர்களோடு கதைத்தபோது, பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவித்த அந்த மணி நேரங்களைப் பற்றியே மிகுதியாகச் சொன்னார்கள்; எரிந்த பொருட்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார்கள். கறுப்பு சனிக்கிழமைக்குப் பின் மெல்பேர்ண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் நடத்திய ‘பியொண்ட் புஷ்ஃபயர்ஸ்’ ஆய்வும், தீயின்போது நெருங்கியவர்களைப் பிரிந்திருந்து அவர்களுடைய நிலை அறியாமல் இருந்தவர்களின் மனநலம் நீண்ட காலம் பாதிக்கப்பட்டதைக் காட்டியது. அதனால் எங்கள் தாளில், சந்திக்கும் இடமும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் எங்கே கொண்டுபோகும் என்பதும், வெளிமாநிலத்தில் உள்ள ஓர் உறவினரின் தொலைபேசி எண்ணும் உண்டு. உள்ளூர் இணைப்புகள் நெரிசலில் முடங்கினாலும் குறுஞ்செய்தி வெளிமாநிலத்துக்குப் போய்விடக்கூடும். எல்லாரும் அந்த ஒருவருக்கே தகவல் சொல்வது.

எடுத்துச் செல்லும் பையில் கடவுச்சீட்டுகள், குடியுரிமைச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம், மருந்துச்சீட்டுகள் இருக்க வேண்டும் என்பதை இடம்பெயர்ந்து பழகிய நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நைலோன், பொலியெஸ்டர் சேலையும் சட்டையும் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டும். முழுக்கை வைத்த தடித்த பருத்தி அல்லது கம்பளி உடை, தோல் காலணி, வாகனத்தில் ஆளுக்கொரு கம்பளிப் போர்வை ஆகியவை தேவை. வாகனத் தரிப்பறையின் கதவு மின்சாரத்தில் இயங்குவதானால், அதைக் கையால் திறக்கும் வழியை வீட்டில் உள்ள முதியவரும் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

தீ எட்டாத ஊரையும் புகை எட்டுகிறது. 33 பேர் தீயில் இறந்த அதே கோடையில், கிழக்கு அவுஸ்திரேலியாவில் புகையினால் மட்டும் 417 மேலதிக மரணங்கள் நேர்ந்திருக்கும் என்றும், இதய, சுவாச நோய்களுக்காக 3,000க்கு மேற்பட்டோர் கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்திருப்பர் என்றும் 2020இல் வெளியான மருத்துவ ஆய்வு மதிப்பிட்டது. காட்டுத்தீ என்றதும் மலைவாசிகளை மட்டும் நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த எண் போதும். புகை மூடிய அந்த டிசம்பரில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். என் தாயாருக்கு ஆஸ்துமா உண்டு. புகையில் உள்ள நுண்துகள்களை ஈரத்துணியோ சாதாரணத் துணிக்கவசமோ தடுக்காது. முகத்தில் இறுகப் பொருந்தும் பி2 அல்லது என்95 கவசமே பயன்தரும். வீட்டில் ஓர் அறையைத் தேர்ந்து, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்து, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை அங்கே வைப்பது முழு வீட்டையும் அடைக்க முயல்வதைவிடச் சிறந்தது. ஆஸ்துமாவுக்கான செயல்திட்டத்தைக் கோடைக்கு முன்னரே குடும்ப வைத்தியரிடம் எழுதி வாங்கிவைத்தோம். புகை நாளில் மருந்தகத்துக்கு அலையாமல் இருக்க ‘இன்ஹேலர்’ ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொண்டோம்.

காட்டின் மீட்சியைப் பார்க்க, சூழலியலாளர்களோடு எரிந்த காட்டுக்குள்ளும் சென்றேன். கரிய மரத்தண்டுகளில், பட்டையின் வெடிப்புகளிலிருந்து, தரைமட்டம் தொடங்கி உச்சிவரை சிவப்பும் பச்சையுமாகத் துளிர்கள் கொத்துக் கொத்தாக வெளிவந்திருந்தன. யூக்கலிப்டஸ் இனங்கள் பலவும் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளை வைத்திருக்கின்றன. இலைகள் கருகினால் அவை விழிக்கின்றன. பாங்சியா மர இனங்கள் பலவற்றின் காய்கள் தீயின் வெப்பத்தில்தான் பிளந்து விதையை விடுகின்றன. ஆகவே எரிந்த மரத்தைக் கண்டதும் செத்துவிட்டது என்று வெட்டிவிடக் கூடாது. வீட்டின் மீதோ பாதையின் மீதோ விழும் அபாயம் உள்ளதை மட்டும் தேர்ந்தவர் பார்த்து அகற்றட்டும். மற்றவற்றுக்குக் காலம் கொடுக்க வேண்டும். கிளிகளும் பொசம் என்னும் மரவாழ் விலங்குகளும் வாழும் பொந்துகள் உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அத்தகைய மரத்தை அவசரத்தில் வெட்டி வீழ்த்துவது, தீ விட்டுவைத்ததை நாம் அழிப்பதாகும்.

ஆனால் எல்லாக் காடும் மீளும் என்ற ஆறுதலும் உண்மைக்குப் புறம்பானது. விக்டோரியாவின் மவுண்டன் ஆஷ் மரம், உலகில் பூக்கும் தாவரங்களிலேயே மிக உயரமானது, கடுந்தீயில் மடிந்துவிடும். விதையிலிருந்துதான் அது மீண்டும் முளைக்க வேண்டும். இளமரம் போதிய விதை தர 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும்; அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்தக் காடு அங்கே இல்லாமலே போகும். தீக்கும் தீக்கும் இடையிலான காலம் சுருங்குவதே ஆய்வாளர்களின் பெருங்கவலை. ஏறத்தாழ 300 கோடி விலங்குகள் அந்தக் கோடையில் இறந்தன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த மதிப்பீடு இறந்தவற்றையும் இடம்பெயர்ந்தவற்றையும் சேர்த்தே கணக்கிட்டது. அவற்றில் 240 கோடிக்கு மேற்பட்டவை பல்லி, பாம்பு போன்ற ஊர்வன என்பதைக் கோவாலாப் படங்கள் மறைத்துவிட்டன. மனித முயற்சி பலனளித்த இடங்களும் உண்டு. காட்டில் இயற்கையாக மிகச் சிலவே எஞ்சியுள்ள வொலமை பைன் மரங்களை, தேசியப் பூங்காச் சேவையும் தீயணைப்புச் சேவையும் வானிலிருந்து தீத்தடுப்புப் பொருளைத் தெளித்தும் பள்ளத்தாக்குக்குள் ஆட்களை இறக்கி நீர்பாய்ச்சியும் காப்பாற்றின. புல்லற்றுப்போன பாறைச்சரிவுகளில் வாழும், சிறிய கங்காரு போன்ற வொலபிகளுக்கு ஹெலிகொப்டரிலிருந்து கரட்டும் வத்தாளங்கிழங்கும் போடப்பட்டன.

முன்கூட்டியே கட்டுப்படுத்தி எரிப்பதைப் பற்றிய விவாதம் ஒவ்வொரு தீக்குப் பின்னரும் கோபத்தோடு எழுகிறது. ஆய்வுகளிலிருந்து நான் புரிந்துகொண்டது: வீடுகளுக்கு அருகில் செய்யும் எரிப்பு, தொலைவான காட்டில் செய்வதைவிட வீடுகளைக் காக்க அதிகம் உதவும், கடும் வெப்பமும் காற்றும் சேர்ந்த நாளில் அதன் பயனும் குறைந்துவிடும். பூர்வகுடி மக்களின் குளிர்ந்த எரிப்பு முறை இதிலிருந்து வேறுபட்டது. சிறு சிறு துண்டுகளாக, ஈரப்பதம் பார்த்து, மர உச்சி கருகாத தாழ்ந்த சுவாலையில், பூச்சிகளும் விலங்குகளும் விலக வழிவிட்டு எரிப்பார்கள். பல்லாயிரம் ஆண்டு அறிவு அது. ஒரு நாள் பயிற்சியில் கற்று நாமே செய்துபார்க்கக் கூடியதன்று. அந்த நிலத்துக்கு உரியவர்களின் தலைமையில் நடக்க வேண்டியது.

தீ அணைந்த பின்னர் வீடு திரும்புவோர் சாம்பலைக் கையால் கிளறுவதைத் தடுக்க வேண்டும். பழைய வீடுகளின் ஃபைப்ரோ எனப்படும் சிமெந்துப் பலகைகளில் அஸ்பெஸ்டஸ் உண்டு. பச்சை நிறமேற்றிய பதப்படுத்திய பைன் மரங்கள் பலவற்றில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் உள்ளன. எரிந்தால் ஆர்செனிக் சாம்பலில் தங்கும். மரக்கறிப் பாத்திகளைச் சுற்றி நாம் அடிக்கும் பலகை அந்த மரமாக இருக்கக்கூடும். கூரைநீர் சேரும் தாங்கியின் குழாயைத் தீக்கு முன்னரே கழற்றிவிட்டால், முதல் மழையில் சாம்பல் தாங்கிக்குள் போகாது. 2020 பெப்ரவரி தொடக்கத்தில் சிட்னியில் நான்கு நாட்களில் 390 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தபோது, எரிந்த மலைச்சரிவுகளின் சாம்பலும் மண்ணும் வரகம்பா நீர்த்தேக்கத்துக்குள் இறங்கின. குடிநீரைக் காக்க மிதவைத் தடுப்புகள் அமைக்க வேண்டியிருந்தது.

மனிதர்களின் மீட்சி காட்டைவிட மெதுவானது. தீக்குப் பிந்தைய சில மாதங்களில் உதவி குவிகிறது. காப்புறுதி வழக்கும் கட்டட அனுமதியும் இழுபடும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் குடும்பங்கள் உடைகின்றன, அப்போது வெளியார் யாரும் இருப்பதில்லை. உள்ளூர்ச் சங்கமோ விளையாட்டுக் குழுவோ ஏதாவது ஒன்றில் இருந்தவர்களின் மனநலம் மேலாக இருந்தது என்று ‘பியொண்ட் புஷ்ஃபயர்ஸ்’ ஆய்வு கண்டது. நேர்காணலுக்குப் போகும் எங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. சில ஊர்களில் பல குழுக்கள் அடுத்தடுத்து வந்து கேள்வி கேட்டுப் போயிருந்தன, முடிவு மட்டும் ஊருக்குத் திரும்பவில்லை. “எங்கள் கதையை எடுத்துக்கொண்டு போனவர்கள் என்ன எழுதினார்கள்?” என்று ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார். அதன் பின்னர் எங்கள் குழு, பதிவுசெய்த உரையை முதலில் சொன்னவருக்கே வாசித்துக்காட்டி ஒப்புதல் பெறுவதையும், முடிவுகளை எளிய மொழியில் அச்சிட்டு ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்து விளக்குவதையும் வழக்கமாக்கியது. அந்தக் கூட்டங்களில்தான் எங்கள் பல முடிவுகள் திருத்தப்பட்டன.

நியூ சவுத் வேல்ஸில் சட்டப்படியான தீ அபாயக் காலம் பொதுவாக அக்டோபர் 1இலிருந்து மார்ச் 31 வரை. அதற்கு முந்தைய செப்டம்பரில் ‘கெட் ரெடி வீக்கெண்ட்’ என்ற பெயரில் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் நிலையங்கள் பொதுமக்களை வரவேற்கின்றன. பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிச்சென்று, அங்குள்ள தொண்டர்களிடம் உங்கள் தெருவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: எங்கள் தெருவுக்குத் தீ எந்தத் திசையிலிருந்து வரும், கடைசியாக அந்தக் காடு எப்போது எரிந்தது, காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசினால் எந்தப் பக்கம் முகப்பாக மாறும், கடைசிப் புகலிடமாகக் குறிக்கப்பட்ட இடம் எது. இந்தக் கேள்விகளுக்கு அந்த ஊர்த் தொண்டர்களைவிடத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாகக் காட்டுத்தீத் தகவல் இணைப்பான 1800 679 737உடன் பேசலாம். உயிர் ஆபத்து என்றால் மட்டும் நேரே 000. என் தாயார் இந்த எண்களை ஒருமுறை தாமே அழைத்து, தமிழில் பேசிப் பார்த்து வைத்திருக்கிறார்.